செஞ்சோறும் சிவப்புக் காயும்

திருக்குறளில் ‘செய்ந்நன்றி அறிதல்’ அறத்துப்பாலில் அமைந்த 11ஆம் அதிகாரம். ‘சிற்றினம் சேராமை’ பொருட்பாலில் அமைந்த 46ஆம் அதிகாரம். இரண்டிற்கும் இடையே 34 அதிகாரங்கள் உள்ளன. ஏட்டில் இவ்வளவு தொலைவு விலகி நிற்கும் இவ்விரு அறங்களும் வாழ்க்கையில் சிலருக்கு ஒரே வாசலில், ஒரே நாளில் எதிர்ப்படுகின்றன. நன்றி செய்தவனே சிற்றினத்தைச் சேர்ந்தவனாயின் ஒருவன் என் செய்வான்? அவனை நீங்கினால் நன்றி கொன்றவன் ஆவான். நீங்காவிடில் இனத்தால் கெடுவான். உரையாசிரியர்கள் இவ்வதிகாரங்களைத் தனித்தனியே விளக்கிச் சென்றனரேயன்றி, இரண்டும் ஒரு நெஞ்சில் மோதும் நிலையை விரித்துக் காட்டுதல் அவர்தம் பணியாக இருக்கவில்லை. அது கதை கூறுவோர் பணி. நம் காலத்தில் அப்பணியைச் செய்த படைப்புகளுள் ஒன்று, வெற்றிமாறன் எழுதி இயக்கி 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘வடசென்னை’ என்னும் திரைப்படம்.

இலக்கிய மலரில் திரைப்படத்திற்கு இடம் தரலாமா என அன்பர் சிலர் வினவக் கூடும். சிலம்பை நாடகக் காப்பியம் என்று போற்றுகிற நாம், நாடகத்தின் இன்றைய வடிவத்தைக் கண்டு முகம் திருப்புதல் பொருந்தாது. மேலும், நான் இங்கே நோக்குவது ஒளிப்பதிவையோ இசையையோ அன்று. கதைப்பொருளையும் பாத்திரப் படைப்பையுமே. அவ்வகையில் இது ஒரு புதினத்தைப் படிப்பது போன்றதே.

கதை நிகழும் இடம் சென்னைத் துறைமுகத்தை அடுத்த மீனவர் குடியிருப்பு. கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என்பதும், அதன் உரிப்பொருள் இரங்கல் என்பதும் நாம் பள்ளியிற் பயின்றவை. ஆயின் சங்கப் பாடல்களில் நெய்தல் தலைவி கடலை நோக்கி இரங்கினாள். இங்கே ஊரே தன் நிலத்தை நோக்கி இரங்குகிறது. சாலை வரப்போகிறது, குடியிருப்பு அகலப்போகிறது என்னும் அச்சம் கதை முழுவதும் அலையோசை போல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஊரின் காவலனாக நிற்பவன் ராஜன். ஒருகாலத்தில் கடத்தல் தொழில் செய்தவன். பின்னர் ஊருக்காக நிற்பவன். அவனால் வளர்க்கப்பட்டவர்களே அவனைக் கொல்கின்றனர். 1987ஆம் ஆண்டில் நிகழும் அக்கொலையுடன்தான் படம் தொடங்குகிறது. கொன்றவர்களுள் குணா, செந்தில் என்னும் இருவரும் பின்னர் பகைத்து இரு கூட்டங்களாகப் பிரிகின்றனர். இவ்விரு கூட்டங்களுக்கும் நடுவே அகப்படுபவன் அன்பு. அவன் அடியாள் அல்லன். கேரம் ஆடுபவன்.

கேரம் ஆடுபவனைக் கலைஞன் எனலாமா? அறுபத்து நான்கு கலைகள் என்று பண்டையோர் வகுத்த பட்டியலில் ஆட்டங்களுக்கும் இடமுண்டு என்பதை முதலில் நினைவூட்டுகிறேன். அதைவிட நல்ல சான்று கண்கூடாகக் காண்பதே. மைசூரில் எங்கள் ராமாபுரத்திலும் மாலை வேளைகளில் விளக்குக் கம்பத்தின் கீழ்ப் பலகையை வைத்து ஆடும் பிள்ளைகள் உண்டு. போரிக் மாவு தூவிய பலகையில் ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவே ஒரு சிவப்பு. பத்துப் பேர் ஆடும்போது ஒருவன் மட்டும் அடிப்பதற்கு முன்னரே காய் எங்கே போகும் என்பதை அறிந்தவன்போல் அமர்ந்திருப்பான். அவன் விரல் பலகையைத் தொடும் விதமே வேறு. வீணையின் தந்தியைத் தொடும் விரலுக்கும் அவ்விரலுக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்றே கூறுவேன். விரல் பழகுதல், செவியும் கண்ணும் கூர்மை அடைதல், மற்றவர்க்குத் தெரியாத ஒரு வழியைத் தான் மட்டும் காணுதல் ஆகிய மூன்றும் கூடியவனைக் கலைஞன் என அழைக்க எனக்குத் தயக்கம் இல்லை.

இக்கதையைப் பற்றிப் பலர் கூறும் கருத்து ஒன்று உண்டு. நல்ல ஆட்டக்காரனாய் வந்திருக்க வேண்டியவன், கூடாநட்பினால் கெட்டான் என்பதே அது. ஒருபுறம் ரவுடிக் கூட்டம், மறுபுறம் விளையாட்டால் வரும் வாழ்வு, இரண்டு சாலைகள், அவன் தவறான சாலையில் போனான். எளிதில் பொருந்துகிற விளக்கம்தான். ஆனால் படத்தை ஊன்றி நோக்கினால் இவ்விளக்கம் நிற்பதில்லை. அன்புவுக்கு அந்தப் பலகையைத் தந்தது யார்? ராஜனின் அரவணைப்பில், அவனது மன்றத்தின் நிழலில்தான் அப்பகுதிச் சிறுவர்கள் ஆட்டம் பழகினர். அரசும் பள்ளியும் எட்டிப் பாராத தெருவில் ஒரு பலகையும், அமர்வதற்கு ஓர் இடமும், ஆடு என்று சொல்ல ஒரு குரலும் ஒரு பழைய கடத்தல்காரனிடமிருந்தே கிடைக்கின்றன. ஆகவே கூட்டத்தின்பால் உள்ள பற்று ஒரு சாலை, புதிய வாய்ப்பு மற்றொரு சாலை எனப் பிரிப்பது இயலாது. இரண்டையும் ஈந்த கை ஒன்றே. இதுவே இக்கதையின் உயிர்நிலை.

இந்த உயிர்நிலை நமக்குப் புதியதன்று. பாரதத்தில் அரங்கேற்றக் காட்சியை நினைவு கூர்க. வில்வித்தையில் அருச்சுனனுக்கு இணையானவன் என்று காட்ட வந்த கர்ணனை நோக்கி அவை கேட்டது குலத்தை. கல்வியை அன்று, கைத்திறனை அன்று. அவன் தலை கவிழ்ந்து நின்ற அந்நொடியில் அங்க நாட்டு முடியைத் தந்தவன் துரியோதனன். தன் பகைவனுக்கு ஒரு மாற்று வேண்டும் என்னும் கணக்கு அவனிடம் இருந்திருக்கலாம், இருந்தது. ஆனால் சான்றோர் நிறைந்த அவையில் வேறெவரும் அக்கதவைத் திறக்கவில்லை என்பதும் உண்மையே. பின்னாளில் கண்ணனும் குந்தியும் வந்து பிறப்பை உணர்த்தி, தம்பியர் ஐவரும் அடிபணிவர், அரசு உனதாகும் என்றழைத்தபோது கர்ணன் மறுத்தான். அதனை நாம் செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். கடன் என்னும் சொல்லை இங்கே நன்கு கவனித்தல் வேண்டும். அன்பு என்று கூறவில்லை, நட்பு என்றுகூடக் கூறவில்லை. சோற்றுக்குக் கணக்கு வைத்துக் கூறினர் நம் முன்னோர்.

கன்னட நாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு இங்கே மற்றொரு செல்வமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் ‘விக்கிரமார்ச்சுன விசயம்’ பாடிய பம்பர், தம்மைப் புரந்த மன்னனையே அருச்சுனனாக உருவகித்துக் காப்பியம் செய்தவர். காப்பியத் தலைவன் அருச்சுனன், புரவலனும் அவனே. அவ்வாறிருந்தும் கர்ணன் வீழும் இடத்தில் பம்பரின் நெஞ்சு கர்ணன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பாரதத்தில் எவரையேனும் நினைப்பதாயின் கர்ணனையே நினைக்க வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் பாடியது கன்னட மக்கள் நாவில் இன்றும் நிற்கிறது. அதே நூற்றாண்டின் இறுதியில் ரன்னர் தம் ‘கதாயுத்த’த்தில் போர்க்களத்துப் பிணங்களின் நடுவே துரியோதனனை நடக்க வைத்து, கர்ணனின் உடலைக் கண்டு புலம்ப வைத்தார். கடன் கொண்டவனுக்கு மட்டுமன்று, கடன் கொடுத்தவனுக்கும் கண்ணீர் உண்டு என்பதை அறிந்த கவிஞர் அவர். தமிழ்த் திரையில் 1964இல் ‘கர்ணன்’ படத்தை எடுத்தவரும் கன்னட நாட்டவரான பி. ஆர். பந்துலுவே. 1991இல் வந்த மணிரத்னத்தின் ‘தளபதி’ இதே கர்ணனை ரவுடிக் கூட்டத்தின் நடுவே நிறுத்தியது. அப்படத்திற் சில காட்சிகள் நமக்கு அண்மையிலுள்ள மேலுக்கோட்டையில் எடுக்கப்பட்டவை என்பதை இங்குள்ளோர் பெருமையுடன் கூறக் கேட்டிருக்கிறேன். ஆயின் தளபதியின் நாயகனுக்கு நட்பைத் தவிர இழப்பதற்குரிய கலை ஒன்றும் இல்லை. கர்ணனுக்கு வில் இருந்தது. அன்புவுக்குப் பலகை இருந்தது. இவ்வகையில் வடசென்னை, தளபதியைவிடப் பாரதத்திற்கு நெருங்கியது.

புதிய வாய்ப்பு என்பது இக்கதையில் வானத்து மலரன்று, அரசு வேலை. கேரத்தில் மேலேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிலையான ஊதியம் கிட்டும் என்பது வடசென்னை இளைஞர்களுக்கு வெறுங்கனவு அன்று. நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருப்பவன் என்னும் முறையில் இதைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். கதையின் கூர்மை இங்கேதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. தகுதி வாய்ந்த விளையாட்டு வீரரை நேரடி நியமனம் செய்யத் தக்க ஆட்டங்களின் பட்டியலில் கேரமும் உண்டு. அதற்கெனக் குறிப்பிட்ட படிவம் உண்டு. மாநிலத்தின் சார்பில் ஆடியவர்க்கு மாநிலச் சங்கச் செயலாளரும், நாட்டின் சார்பில் ஆடியவர்க்குத் தேசியக் கூட்டமைப்பின் செயலாளரும் சான்றளிக்க வேண்டும். இது ஒரு தாள். நியமனத்திற்கு முன் நிரப்ப வேண்டிய மற்றொரு தாளும் உண்டு. எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு நிலுவையில் உள்ளதா, தண்டனை பெற்றதுண்டா என்று அது வரிசையாக வினவும். பின்னர் காவல் நிலையத்திற்குச் சென்று சரிபார்ப்புப் பெற்று வரும். கோப்பில் இவ்விரு தாள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்படும். கை எதை வென்றது என்று ஒரு தாள் கேட்கிறது. அதே கை என்ன செய்தது என்று மற்றொரு தாள் கேட்கிறது. அன்புவைப் போன்ற ஒருவனுக்கு முதல் தாள் நிரம்புவதற்கு ஆண்டுகள் பல ஆகும். இரண்டாம் தாள் ஓர் இரவில் நிரம்பிவிடும்.

அவ்வாறே நிரம்புகிறது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையுண்ட செய்தி வந்து, கடைகள் சூறையாடப்படும் குழப்பத்தின் நடுவே அன்புவும் பத்மாவும் சந்திக்கின்றனர். காதல் வளர்கிறது. அக்காதலையொட்டி எழும் கைகலப்பில், கொல்ல வேண்டும் என்னும் எண்ணம் சிறிதும் இன்றி, அன்புவின் கையால் ஓர் உயிர் போகிறது. இறந்தவன் கூட்டத்தைச் சேர்ந்தவன். இனி அன்பு உயிர்பிழைக்க வேண்டுமாயின் மற்றொரு கூட்டத்தின் அடைக்கலம் வேண்டும். அவன் குணாவிடம் செல்கிறான். அடைக்கலம் கிடைக்கிறது, அதற்கு விலையும் குறிக்கப்படுகிறது. சிறையில் இருக்கும் செந்திலை முடிக்க வேண்டும் என்பதே விலை. இவ்விடத்தில் இயக்குநரின் நிதானத்தைப் பாராட்ட வேண்டும். அன்புவைக் கெட்டவனாக்கவும் இல்லை, அப்பாவியாக்கிக் கண்ணீர் வரவழைக்கவும் இல்லை. ஒருவன் கடனாளி ஆகும் முறையை ஒரு கணக்கரைப்போல் வரிசையாக எழுதிச் செல்கிறார்.

எழுதிச் செல்கிறார் என்றேன். ஆயின் அவ்வரிசையில் காட்டவில்லை. கதை முன்னும் பின்னுமாகச் சொல்லப்படுகிறது. அன்புவைச் சிறைக்குள் புதிதாக வந்த ஒருவனாகவே முதலில் காண்கிறோம். எக்கட்சியிலும் சேராமல் தன் தண்டனைக் காலத்தைக் கழித்துவிட்டுப் போக நினைக்கும் இளைஞனாகத் தோன்றுகிறான். செந்திலின் ஆட்களுக்கு நெருங்குகிறான். அவனுடைய ஆட்டத்திறனே அவனைச் செந்திலின் அருகே கொண்டு சேர்க்கிறது. சிறைக்குள் கேரப் போட்டி நடக்கிறது. கைதிகள் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்கின்றனர். திறமை மதிக்கப்படுகிறது, கலை சிறைக்குள்ளும் ஒருவனை மனிதனாக்குகிறது என்று நாம் மகிழத் தொடங்கும் வேளையில், ஆட்டத்தின் நடுவே, பந்தலும் கூட்டமும் குழம்பும் நேரத்தில், அன்புவின் கையில் கத்தி மின்னுகிறது. செந்தில் வீழ்கிறான், இறக்கவில்லை, ஆனால் முன்போல் எழவும் இயலாதவன் ஆகிறான். அதன் பின்னரே அன்பு தொடக்கத்திலிருந்து குணாவின் ஆளாக வந்தவன் என்பது நமக்கு வெளிப்படுகிறது.

தமிழ்த் திரைக்கதைகளில் நான் கண்ட மிகக் கொடிய காட்சி இது என்பேன். குருதியினால் அன்று, அதைவிட மிகுதியான குருதியை நாள்தோறும் காண்கிறோம். கொடுமை வேறிடத்தில் உள்ளது. பிற கதைகளில் கலைஞன் தன் கலையைக் கைவிட்டுக் கத்தியை எடுப்பான். நாம் அந்தோ என்று இரங்குவோம். இங்கே கலையே கத்தியின் உறையாகிறது. செந்திலை அவன் அணுகியது பலகை வழியாக. செந்தில் அவனை நம்பியது அவ்விரல்களின் அழகைக் கண்டு. எந்தக் கலை அவனை அந்தத் தெருவிலிருந்து வெளியே கொண்டு செல்ல வேண்டுமோ, அதே கலையை அவன் தெருவின் கடனுக்கு ஈடு வைக்கிறான். கேரம் ஆடுவோர்க்கு ஒரு விதி தெரியும். சிவப்புக் காயைக் குழியில் போட்டால் மட்டும் போதாது; அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட்டு அதை உறுதி செய்ய வேண்டும். ‘ஃபாலோ’ என்பர். தவறினால் சிவப்பு மீண்டும் நடுப்பலகைக்கு வந்துவிடும். திறமை என்னும் சிவப்பு அன்புவின் கையில் விழுந்தது; அதை உறுதி செய்யும் அடுத்த காய் அவனுடையதாக இல்லை.

கூட்டத்தின் நடுவே பிறந்த கலைக்கு இதுவே முடிவா என்றால், இல்லை. இதற்கு நேர்மாறான கதை ஒன்று அடுத்த ஆண்டிலேயே, 2019 பிப்ரவரியில், இந்தியில் வந்தது. ஜோயா அக்தரின் ‘கல்லி பாய்’ தமிழர் பெருமளவில் வாழும் மும்பைத் தாராவியைக் களமாகக் கொண்டது. நேசி, டிவைன் என்னும் மும்பைச் சொல்லிசைக் கலைஞர் இருவரின் வாழ்விலிருந்து தூண்டுதல் பெற்றது. அதன் நாயகன் முராத், சந்தத்தோடு சொல்லடுக்கிப் பாடுபவன். அவனுடைய தோழன் மொயின் கார் திருடுபவன். போதைப்பொருளைச் சிறுவர்கள் வழியே கடத்துபவன். வீட்டில் நெருக்கடி முற்றிய நாட்களில் முராத்தும் மொயினுடன் திருடச் செல்கிறான். பிடிபடுபவன் மொயின் மட்டுமே. அவன் தோழனைக் காட்டிக் கொடுக்கவில்லை. சிறைக்குள் காணவந்த முராத்தைக் குற்ற உணர்வின்றிப் பாடு என்றே அனுப்புகிறான். இறுதியில் முராத் மேடையேறுகிறான்.

இக்கதை மனத்தை மகிழ்விக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடன் இங்கே மிக எளிதாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. மொயினின் பெருந்தன்மை, முராத்தின் மேடைக்குக் கதாசிரியர் இட்ட படிக்கட்டாகிவிட்டது. துரியோதனன் தானே முன்வந்து ‘நீ பாண்டவரிடம் செல்’ என்று கர்ணனை அனுப்பியிருந்தால் பாரதம் எவ்வளவு சுருங்கியிருக்கும்! மொயின் சிறையில் கழிக்கப்போகும் ஆண்டுகளைப் படம் நம் கண்ணில் காட்டுவதில்லை.

எனினும் முராத்துக்கு உள்ளதும் அன்புவுக்கு இல்லாததுமான ஒன்று இவ்விரு படங்களையும் அருகருகே வைக்கும்போது புலனாகிறது. முராத்தின் கலைக்கு வாய் உண்டு. அவன் பாடுவது தன் தெருவை, தன் வறுமையை, தன்னைச் சுற்றியுள்ளாரை. அவன் மேடையேறும்போது தெருவும் அவனோடு மேடையேறுகிறது. கொடுத்தவர்க்கு அவன் தன் கலையாலேயே திருப்பித் தர இயலும். கேரம் ஊமைக் கலை. வெள்ளைக் காய் எவருடைய துயரையும் கூறாது. அன்பு நாட்டுக்கே முதல்வனாக ஆடி வென்றாலும் அவ்வெற்றியில் ராஜனின் பெயரோ, மன்றத்தின் பெயரோ, மீனவர் குப்பத்தின் பெயரோ ஒலிக்காது. ஆதலால் அவன் கடனைக் கலையால் தீர்க்க இயலாமல் உடலால் தீர்க்க வேண்டியவன் ஆகிறான். கர்ணனும் அவ்வாறே. அம்பு பேசாது, எய்தலும் ஏற்றலுமே அவனுக்கு வாய்த்த மொழி.

இவ்வேறுபாட்டிற்கு உலக இலக்கியத்தில் ஒரு பெருஞ்சான்று உண்டு. பாரிஸ் நகரில் 1431ஆம் ஆண்டு பிறந்த பிரான்சுவா வில்லோன் பிரெஞ்சுக் கவிஞருள் தலைசிறந்தோரில் ஒருவர். பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றவர். அதே வேளையில் கள்வரோடு கூடியவர். 1455இல் ஒரு சண்டையில் பாதிரியார் ஒருவர் இவர் கையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் நவார் கல்லூரியின் பெட்டகத்திலிருந்து 500 பொற்காசுகளைக் களவாடிய கூட்டத்தில் இவரும் ஒருவர். பின்னர் ஊர் ஊராகத் திரிந்தபோது, தாமும் கவிஞரான ஒர்லியான் கோமகன் சார்லஸின் புளுவா அரண்மனையில் இடம் கிடைத்தது. கோமகனின் ஏட்டிலேயே வில்லோனின் பாடல்களும் எழுதப்பெற்றுள்ளன. நம் பாணருக்கும் புலவருக்கும் கிடைத்த புரவலன் வாயில் அது. அங்கே அவர் நிலைக்கவில்லை. மீண்டும் சிறை, மீண்டும் பாரிஸ், 1462இல் தூக்குத் தண்டனை, 1463 சனவரியில் அது பத்தாண்டு நாடுகடத்தலாக மாறியது. அதன்பின் அவரைப் பற்றிய செய்தி வரலாற்றில் இல்லை.

வில்லோன் தம் கூட்டத்தின் குழூஉக்குறியிலேயே சில பாடல்கள் செய்தார். நன்னூலார் தகுதி வழக்கின்கீழ் வைத்த குழூஉக்குறியை ஒரு பெருங்கவிஞர் செய்யுள் வழக்காக்கிவிட்டார் எனலாம். அவருடைய தோழர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் பெயர் இன்றும் வழங்குவது வில்லோன் அவர்களைப் பாட்டில் வைத்தமையால்தான். அரண்மனைக்கும் கள்வர் கூட்டத்திற்கும் இடையே அவர் எதைத் தேர்ந்தார் என்பது வரலாற்றாசிரியர் வினா. இரண்டினிடமும் பட்ட கடனை அவர் பாட்டாக்கித் தீர்த்தார் என்பதே இலக்கிய மாணவனுக்கு வேண்டியது. அன்புவுக்கு அவ்வழி அடைபட்டிருந்தது.

இக்கூற்றுக்கு மறுப்பு ஒன்று எழும், அதுவும் நியாயமானதே. வடசென்னையில் கேரம் ஆடியோர் அனைவரும் கத்தி எடுத்தனரோ? இல்லவே இல்லை. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இருமுறை உலக வாகையர் ஆகி 1996இல் அருச்சுனா விருது பெற்றார். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008இல் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். இவர்களை எண்ணும்போது, வடசென்னை என்றாலே வெட்டும் குத்துமாகக் காட்டும் திரையுலக வழக்கத்தின் மீது அம்மக்கள் கொள்ளும் வருத்தம் நமக்கும் புரிகிறது. வெற்றிமாறன் படமும் அவ்வழக்கத்திலிருந்து முழுதும் தப்பவில்லை. ஊருக்குள் பலகை கிடைக்கும் வாயில் கூட்டத்தின் வாயில் ஒன்றே என்பதுபோல் கதை அமைந்துள்ளது. நேரிய ஆசான் ஒருவர், தெருமுனை மன்றம் ஒன்று, ஓட்டும் வண்டியின் வருவாயில் மிச்சம் பிடித்து மகளைப் போட்டிக்கு அனுப்பும் தந்தை ஒருவர் என இத்தகையோருக்குக் கதையின் ஓரத்திலேனும் இடம் தந்திருக்கலாம். அப்போது அன்புவின் வீழ்ச்சி ஊரின் விதியாகத் தோன்றாமல் அவனுடைய துயராகவே தோன்றி இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும்.

மற்றொரு குறையையும் கூறுவேன். பின்பகுதியில் சாலைத் திட்டமும் ஊர்ப் போராட்டமும் முன்வர, ஆட்டக்காரன் பின்னே தள்ளப்படுகிறான். குணா திட்டத்தின் பக்கம் சாய, அன்பு ஊரின் பக்கம் நிற்கிறான். ராஜனின் இடத்திற்கு அவன் வந்து சேருவதே படத்தின் முடிவு. ஊர்த்தலைவன் அன்பு எழுச்சி ஊட்டுகிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதற்பகுதியில் அவ்வளவு நுணுக்கமாகக் காட்டப்பட்ட அவ்விரல்கள் எங்கே? இழந்த கலைக்காக அழும் ஒரு கணம் அவனுக்குத் தரப்பட்டிருக்க வேண்டாவோ? மூன்று பாகங்களாகத் திட்டமிட்ட கதையின் முதற்பாகம் இது என்று விடை கூறுவர். ஒரு நூலின் முதற்காண்டத்தை மட்டும் படிப்பவனுக்கும் நியாயம் செய்ய வேண்டியது ஆசிரியன் கடமை.

இக்குறைகளை ஈடுசெய்யும் அளவுக்கு வலிமை பெற்ற பாத்திரம் சந்திரா. ராஜனின் மனைவி, அவன் கொலையுண்ட பின் கொன்றோருள் ஒருவனான செந்திலையே மணந்து, அவன் இல்லத்திலேயே இருந்து, பகையை மூட்டிக் காத்திருப்பவள். கண்ணகி ஒரே நாளில் மதுரையை எரித்தாள். இவள் ஆண்டுக்கணக்கில் அடுப்பில் நெருப்பை அணையாமல் வைத்திருக்கிறாள். அன்புவைப் பொறுத்தவரை சந்திராவின் இடம் நுட்பமானது. ராஜன் பலகையைத் தந்தான், விலை கேட்கவில்லை. குணா அடைக்கலம் தந்தான். உடனே விலை கேட்டான். சந்திரா, ராஜன் கேளாத விலையை அவன் சார்பில் பின்னாளில் கேட்கிறாள். கேளாமல் தந்தவனுக்குப் பட்ட கடனே மூன்றிலும் கனமானதாக அன்புவுக்குத் தோன்றுகிறது.

பத்மா ஒருத்தியே இக்கணக்கில் சேராதவள். வாயாடி, துணிந்தவள், எவர்க்கும் அஞ்சாதவள் என்றெல்லாம் அவளைப் புகழ்ந்துவிட்டுக் கடந்து போகின்றனர் விமரிசகர்கள். அவளுக்கு ராஜனிடம் கடனில்லை, குணாவிடமும் இல்லை. அன்புவின் ஆட்டத்தை அவள் விரும்பியதும் அதனால் வரும் வேலைக்காக மட்டுமன்று. கூட்டத்திற்கு வெளியே நின்று அவனை நோக்கும் கண் அவளுடையது ஒன்றே. அக்கண்ணுக்கு இன்னும் நான்கு காட்சிகள் தந்திருந்தால், கர்ணன் கதையில் பேசப்படாமலே போன அவன் மனைவியின் குரலையும் நாம் இப்படத்தில் கேட்டிருப்போம்.